‘நீர் யார்?’ என வினவும் இணையதளம்

சென்ற கல்வியாண்டில், உதவிச் சம்பளத்திற்கு விண்ணப்பிக்க வேண்டிய இறுதி நாளன்று, எம் விடுதித் தோழர் ஒருவர் மாலை முதல் கணினிமுன் அமர்ந்திருந்தார். தந்தையாரின் வருமானம், முந்தைய தேர்வுகளின் மதிப்பெண், குடும்பத்தின் நிலை ஆகியவற்றை ஒன்றும் விடாது நிரப்பினார். வருமானச் சான்றிதழின் எண்ணை ஊரிலுள்ள தாயாரிடம் தொலைபேசியிற் கேட்டு எழுதினார். இவ்வாறு ஏறக்குறைய நாற்பது நிமிடம் உழைத்தபின், ‘சமர்ப்பி’ என்னும் பொத்தானை அழுத்தினார். ‘உமது அமர்வு முடிந்தது, மீண்டும் உள்நுழைக’ என்னும் ஒரு வரியே விடையாக வந்தது. எழுதியவை யாவும் மறைந்தன. இரண்டாம் முறையும் அவ்வாறே நிகழ்ந்தது. மூன்றாம் முறை முடிக்குமுன் நள்ளிரவு கடந்துவிட்டது. மறுநாள் உரிய அலுவலகத்தாரை வினவியபோது, ‘உம் உலாவியைத் துடைத்துவிட்டு வாரும்’ என்றனரேயன்றித் தம் பக்கத்தே பிழையிருத்தல் கூடுமோ என ஒரு கணமும் எண்ணினாரல்லர். இது நேர்மையாகுமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

அமர்வு என்பது யாது? இணையப் பக்கங்களைக் கொண்டுவந்து தரும் எச்.டி.டி.பி. என்னும் நெறி இயல்பிலேயே நினைவற்றது. ஒரு வேண்டுகோளுக்கு விடையளித்த சர்வர், மறுகணமே வந்தவரை மறந்துவிடும். இக்குறையை நீக்கவே 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சார்ந்த லூ மாண்டுலி என்பார் ‘குக்கி’ என்னும் சிறு அடையாளத்தை வகுத்தனர். கணையாழியைக் கண்டே அனுமனை இராமதூதனெனச் சீதை தெளிந்தாற்போல, உலாவி ஒவ்வொரு முறையும் கொணரும் இவ்வடையாளத்தைக் கண்டே சர்வரும் வந்தவர் இன்னாரெனத் தெளிகின்றது. அடையாளம் உலாவியின் கையிலும், அதற்குரிய பதிவு சர்வரின் ஏட்டிலும் இருக்கும் காலமே அமர்வாம்.

ஆகவே, அமர்வு முறிந்ததென்று கேள்வியுற்றவர் முறையாக வினவத்தக்க வினாக்கள் மூன்று. அடையாளம் வழங்கப்பட்டதா? வழங்கப்பட்டது திரும்பி வந்ததா? வந்ததைச் சர்வர் அறிந்துகொண்டதா? இவற்றுள் பயனர்மேல் ஏற்றத்தக்கவை மிகச் சிலவே. ‘டபிள்யூ’ மூன்றுடன் கூடிய முகவரிக்கு மட்டும் உரித்தாகத் தந்த குக்கி, அவையில்லாத முகவரிக்குச் செல்லாது. பாதுகாப்பான இணைப்பிற்கே உரியதெனக் குறிக்கப்பட்டது, பாதுகாப்பற்ற இணைப்பில் அனுப்பப்படாது. கட்டணம் செலுத்தப் பிறிதொரு தளத்திற்குச் சென்று படிவத்தின் வழியே மீள்பவர், அங்ஙனம் மீள்வதற்கென்று குறிக்கப்படாத குக்கியைப் பொதுவாக இழந்தே வருவர். 2020ஆம் ஆண்டில் குரோம் உலாவி மேற்கொண்ட மாற்றத்திற்குப்பின் இவ்விடர் பெருகிற்று. இனி, சர்வர்கள் பலவாயிருந்து, ஒன்றன் ஏட்டை மற்றொன்று காணாதாயின், முதலாவது சர்வர் அறிந்தவரை இரண்டாவது சர்வர் ‘நீர் யார்?’ என வினவும். இவற்றுள் எதனை விண்ணப்பதாரர் தம் உலாவியைத் துடைத்துத் திருத்தவல்லார்?

எம் தோழர்க்கு நேர்ந்ததோ காலவரையறையால் வந்த கேடு. பி.எச்.பி. என்னும் நிரல்மொழியில், வேறு கட்டளையிடாவிடின், 1440 நொடி, அஃதாவது 24 நிமிடம், தீண்டப்படாதிருந்த பதிவு குப்பையெனக் கருதப்படும். கருதப்பட்ட அப்பொழுதே அது நீக்கப்படுவதில்லை. துப்புரவு நிகழுங்காலே நீங்கும். ஒருவர்க்கு நாற்பது நிமிடம் தாங்கிய அமர்வு மற்றொருவர்க்கு முப்பதில் அறுவதும், அலுவலர் சோதிக்கும்போது பிழை தோன்றாதொழிவதும் இதனாலேயாம். இதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. நாம் தட்டெழுதுவதைச் சர்வர் காண்பதில்லை. பொத்தானை அழுத்தும்போதே கேட்கின்றது. எனவே, நாற்பது நிமிடம் இடையறாது உழைத்தவரும் அதன் கணக்கில் உறங்கியவரே. உழைப்பைச் சோம்பலென எண்ணிய இக்கணக்கு யாருடைய பிழை?

‘பலரும் பழகும் கணினியில் ஒருவர் எழுந்து சென்றபின் மற்றொருவர் அவர் பெயரால் தீங்கிழைக்கலாமே, காலவரையறை வேண்டாவோ?’ எனச் சிலர் வினவுவர். வேண்டுவதே, அதனை யாம் மறுக்கவில்லை. ஆயின், கதவை அடைப்பது வேறு. உள்ளிருந்த பொருளை எரிப்பது வேறு. எழுதுந்தோறும் படிவத்தைச் சர்வரில் சேமித்து வைத்து, மீண்டும் உள்நுழைந்தவர்க்கு அதனைத் திருப்பித் தருதல் இயலாததன்று. 2008ஆம் ஆண்டு வெளிவந்த இணைய அணுகல் நெறிகளின் இரண்டாம் பதிப்பு, காலம் முடியுமுன் எச்சரித்து, எளிய செயலொன்றால் நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 நொடி அளித்தலை ஒரு வழியாகக் கூறுகின்றது. மீண்டும் உள்நுழைந்தவர் ஏதும் இழவாது தொடர வேண்டும் என்பதனையோ மூன்று படிகளுள் மிக உயர்ந்த படியில் வைத்துள்ளது. ஏழை மாணவரின் விண்ணப்பத்தைப் பெறும் தளத்திற்கு அது சான்றோர்க்குரிய பேரறமன்று. யாவரும் ஆற்றவேண்டிய முதற்கடமை என்பதே எம் துணிபு.

நம் ஆண்டவர் அருளிய உவமையில், பத்து வெள்ளிக்காசில் ஒன்றை இழந்த பெண் அண்டை வீட்டாரைக் கடிந்தாளில்லை, காசையும் நொந்தாளில்லை. விளக்கைக் கொளுத்தித் தன் வீட்டையே பெருக்கி, காணுமளவும் தேடினாள். சர்வரின் நிகழ்வுக் குறிப்பேடே அவ்விளக்கு. எந்நேரம் எந்த அடையாளம் வந்தது, எது ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது என்பதை அது காட்டும். அதனைக் கொளுத்தாதவர் பிறரைப் பார்த்து ‘உம் வீட்டைத் துடையும்’ எனக் கூறுதல் தகாது.

நம்முடன் பயிலும் கணினித்துறை நண்பர் பலர் நாளை இத்தகைய தளங்களை ஆக்குவர். அவர்கட்கு எம் விண்ணப்பம் ஒன்றே. பொத்தானுக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் அயர்ந்த கண்ணுடன் இறுதி நாளில் எழுதும் ஒருவர் என்பதை மறவாதிருங்கள். சர்வர் மறக்கலாம், அதனை ஆக்குவோர் மறத்தலாகாது.