கணக்குப் புத்தகம் இல்லாத வண்டிக்கு என்ன விலை?



துவரம்பருப்பில் குவிண்டாலுக்கு ஐம்பது ரூபாய் குறைப்பதற்காக மண்டியில் அரை மணி நேரம் நின்று பேசுகிறவர்கள் நாம். மூட்டைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். அப்படிப்பட்ட நாமே இரண்டு மூன்று லட்சம் கொடுத்து ஒரு பழைய கார் வாங்கப் போனால் என்ன செய்கிறோம்? பானட்டைத் திறந்து மூடுகிறோம். தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கிறோம். "ஒரே கை ஓட்டின வண்டி, டாக்டர் வண்டி" என்று தரகர் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறோம். பிறகு இருபதாயிரம் குறைத்துவிட்டோம் என்ற சந்தோஷத்தோடு சாவியை வாங்கிக்கொண்டு வருகிறோம்.

சர்வீஸ் புத்தகம் எங்கே என்று கேட்டால், "வீடு மாறும்போது தொலைந்துவிட்டது" என்கிறார்கள். நாமும் சரி என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுவிட்டு நட்டப்பட்டவர்கள் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் கதை

2018ல் கொள்முதலுக்குப் போய்வரவும் குடும்பத்துக்கு உதவவும் ஒரு டீசல் கார் வாங்கினோம். 2011ம் ஆண்டு வண்டி. மீட்டர் 64,000 கிலோமீட்டர் காட்டியது. சர்வீஸ் புத்தகம் இல்லை, ஒரு பில்லும் இல்லை. கேட்ட விலை 3,40,000. நாங்களும் அண்ணாச்சியும் மாற்றி மாற்றிப் பேசி 3,20,000க்கு முடித்தோம். தரகர் டீ வாங்கிக் கொடுத்தார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்கு மாதத்தில் கிளட்ச் போயிற்று. அடுத்து டர்போ, அதன் பின் இன்ஜெக்டர். எல்லாம் சேர்ந்து 71,000 ரூபாய். கடைசியில் மெக்கானிக் சொல்லி, ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்குப் போனோம். வண்டி எண்ணைத் தட்டினார்கள். பழைய வரவு முழுவதும் கணினியில் வந்தது. 2015லேயே அந்த வண்டி 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மீட்டரைத் திருப்பி வைத்துத்தான் எங்களிடம் விற்றிருக்கிறார்கள். தரகரிடம் போய்க் கேட்டோம். "பார்த்துத்தானே அண்ணாச்சி வாங்கினீங்க?" என்றார். எழுத்தில் ஒன்றும் வாங்கி வைக்காததால் அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

எங்களை ஏமாற்றியவர் மீது கோபம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் தவறும் அதில் பாதி. நாங்கள் விலையைத்தான் பேசினோமே தவிர, கணக்கைப் பேசவில்லை. 20,000 என்பது எதற்காகக் குறைந்தது என்று கேட்டால் எங்களுக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. வாயடித்துக் குறைத்த தொகை அது.

புத்தகம் இல்லை என்றால் திருட்டு வண்டியா?

இல்லை. இதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். நம் கடை வண்டிகளில் எத்தனைக்கு சர்வீஸ் புத்தகம் இருக்கிறது? வாரண்டி முடிந்ததும் கம்பெனி சர்வீஸை விட்டுவிட்டு, தெரிந்த ஒர்க்‌ஷாப்பில்தான் விடுகிறோம். ஆயில் மாற்றினால் பில் வாங்குவதில்லை. நல்ல மெக்கானிக்கின் கையில் வளர்ந்த வண்டி, முத்திரை குத்திய புத்தகத்தோடு வரும் வண்டியைவிட நன்றாக இருப்பதும் உண்டு. ஆகவே புத்தகம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. விற்பவரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டியதும் இல்லை.

ஆனால் ஒன்று. வண்டியைப் பற்றி விற்பவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970ல் பழைய கார் சந்தையையே உதாரணமாக வைத்து இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். நல்ல வண்டி எது, கெட்ட வண்டி எது என்று தெரியாத வாங்குநர் இரண்டுக்கும் நடுவான ஒரு விலையைத்தான் கொடுப்பார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல வண்டிக்காரர் விலகிக்கொள்வார். சந்தையில் கெட்ட வண்டியே மிஞ்சும் என்பது அதன் சாரம். மிளகில் பப்பாளி விதை கலந்தவனால் சுத்தமான மிளகு விற்பவருக்கும் விலை கிடைக்காமல் போவதைப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எனவே புத்தகம் இல்லாத வண்டியில் நாம் பேச வேண்டியது விற்பவரின் யோக்கியதையை அல்ல. எந்த வேலை நடந்ததற்குச் சான்று இல்லையோ, அந்த வேலைக்கு ஆகும் செலவைப் பேச வேண்டும்.

முதலில் தேடுங்கள்

புத்தகம் தொலைந்தால் கணக்கும் தொலைந்ததாக அர்த்தமில்லை. கம்பெனி சர்வீஸில் விட்டிருந்தால் அங்கே வரவு இருக்கும். விற்பவரையே அழைத்துக்கொண்டு போய், அல்லது அவரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லி, விலை பேசும் முன் அதைப் பாருங்கள். உரிமையாளர் கேட்டால் கிடைக்கும் விஷயம். "அதெல்லாம் எதற்கு" என்று அவர் தட்டிக்கழித்தால் அதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். வெளி ஒர்க்‌ஷாப் என்றால் அந்த மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை பேசலாம். உதிரிபாகக் கடைக்குச் செல்போனில் அனுப்பிய பணத்தின் வரவுகூட இன்று ஒரு சான்றுதான்.

வண்டியே சில கணக்கைச் சொல்லும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்த டயர். 25,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிற வண்டியில் நான்கு டயரும் மாற்றப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். மீட்டரில் குறைந்த ஓட்டமும், பிரேக் பெடல் ரப்பரிலும் ஸ்டியரிங்கிலும் நிறையத் தேய்மானமும் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கி, நோ க்ளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். இழப்பீடு எதுவும் வாங்காமல் ஆண்டுகள் செல்லச் செல்ல அது 20ல் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும். ஒரே உரிமையாளர் பல ஆண்டு வைத்திருந்த வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் இருந்தும் போனஸ் பூஜ்யம் என்றால், பெரும்பாலும் முந்தைய ஆண்டில் ஏதோ ஒரு வேலைக்கு இழப்பீடு வாங்கியிருக்கிறார் என்று கொள்ளலாம். என்ன வேலை என்று கேட்பது நம் உரிமை.

வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் அதே கதி. அப்படி நின்ற வண்டி கழுவித் துடைத்து வேறு ஊரில் விற்பனைக்கு வரலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே வண்டல் கறை இருக்கும். சீட்டுக்கு அடியில் போல்ட் துருப்பிடித்திருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். லட்சக்கணக்கில் சரக்கு எடுக்கும்போது சாம்பிள் பார்க்கும் செலவு அது.

பிறகு சிட்டை போடுங்கள்

தொடக்க விலையை விற்பவர் வாங்கிய விலையிலிருந்து எடுக்கக் கூடாது. அதே வண்டி புத்தகத்தோடு இன்று நம் ஊரில் என்ன விலைக்குப் போகிறது என்று நாலு இடத்தில் விசாரித்து எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்து புது வண்டி விலையே இறங்கியதையும் நினைவில் வையுங்கள். அதற்கு முன் வாங்கிய விலையைச் சொல்லி யாரும் பழைய வண்டிக்கு விலை கேட்க முடியாது.

கணக்குக்காக ஓர் உதாரணம் சொல்கிறோம். புத்தகத்தோடு உள்ள வண்டி 3,00,000 என்று வைத்துக்கொள்வோம். நம் கையில் உள்ள வண்டிக்கு ஆயில், ஃபில்டர், கூலண்ட் மாற்றியதற்குச் சான்றில்லை: 7,000. பிரேக் ஆயில், பிரேக் பேட் தெரியாது: 6,000. நான்கு டயரும் பழையவை: 18,000. பேட்டரி வயது தெரியாது: 5,000. மொத்தம் 36,000. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் அதற்கும் ஒரு வரி போட வேண்டும். பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வே வளைந்துவிடும். இதற்கு மேல், கண்ணுக்குத் தெரியாத கோளாறுக்காக ஒரு தொகை. வண்டியின் வயதையும் மெக்கானிக் சொன்னதையும் பார்த்து நாமே முடிவு செய்ய வேண்டியது அது. இங்கே 14,000 என்று போடுவோம். ஆக 50,000 கழித்தால் 2,50,000.

இதை மனதில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள். ஒரு தாளில் வரிவரியாக எழுதி விற்பவர் கையில் கொடுங்கள். "ஐயா, உங்கள் பேச்சை நாங்கள் மறுக்கவில்லை. பேட்டரி போன வருஷம் மாற்றியதாகச் சொல்கிறீர்கள், பில்லைக் காட்டுங்கள், அந்த வரியை இப்போதே அடித்துவிடுகிறோம்" என்று சொல்லுங்கள். நேர்மையானவர் என்றால் வீட்டுக்குப் போய் இரண்டு பில்லாவது தேடி எடுத்து வருவார். நாமும் சொன்னபடி அந்த வரியை அடித்து விலையைக் கூட்டித் தர வேண்டும். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு நல்ல விலை கிடைக்க இது ஒன்றே வழி. "எடுத்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்" என்று சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம், சந்தையில் வண்டிக்குப் பஞ்சமில்லை.

எதற்கு விலையே இல்லை

சில குறைகளை எந்தத் தள்ளுபடியும் ஈடுகட்டாது. விற்பவரும் ஆர்.சி.யில் உள்ளவரும் வேறு வேறாக இருப்பது, சேசிஸ் எண் ஒத்துப்போகாதது, ஃபைனான்ஸ் பாக்கி தீர்ந்ததற்கு அந்த நிறுவனத்தின் சான்றும் படிவம் 35ம் இல்லாதது, வெள்ளத்தில் நின்ற வண்டி ஆகிய நான்கிலும் ஐம்பதாயிரம் குறைத்தாலும் கையை வைக்காதீர்கள்.

விலை முடிந்தால் முன்பணத்துக்கு ரசீது எழுதுங்கள். மீட்டரில் உள்ள ஓட்டம், பெரிய விபத்து இல்லை, தண்ணீரில் நிற்கவில்லை என்று விற்பவர் சொன்னதை அதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எங்களிடம் இல்லாமல் போன காகிதம் அதுதான். இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 முதல் தடுத்திருக்கிறது. வங்கி வழியாகவே கொடுங்கள். வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட்டும், படிவம் 29, 30ம் வாங்கிய கையோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றுங்கள். விற்கிற இடத்தில் நாம் இருந்தால் இது இன்னும் முக்கியம். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018ல் தீர்ப்பளித்திருக்கிறது.

நம் பங்கு

கடைசியாக நம் பக்கம் வருவோம். வாங்கும்போது கணக்குக் கேட்கிற நாம், விற்கும்போது கணக்குக் காட்ட வேண்டாமா? கடையில் ஒரு கிலோ சீனி கடன் கொடுத்தாலும் பேரேட்டில் ஏற்றுகிறோம். தினமும் நமக்காக உழைக்கும் வண்டிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி டேஷ்போர்டில் போட்டு வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த தொகை என்று நான்கு கட்டம் போதும். பில்லை அதிலேயே ஊசி போட்டுக் குத்தி வைக்கலாம். மேலே சொன்ன உதாரணக் கணக்கின்படி அந்த நோட்டின் மதிப்பு 50,000 ரூபாய். நாற்பது ரூபாய் முதலீட்டுக்கு இதைவிட நல்ல லாபம் நம் தொழிலில் எந்தச் சரக்கிலும் இல்லை.

நம் சங்க உறுப்பினர்கள் தங்களுக்குள் வண்டி வாங்கி விற்பது வழக்கமாக நடக்கிறது. முதலில் நமக்குள்ளாவது இந்த நோட்டு இல்லாமல் வண்டி கைமாறக் கூடாது என்று ஒரு பழக்கம் ஏற்படுத்துவோம். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேச வேண்டுமென்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் வண்டியின் நோட்டு 2018லிருந்து இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் கடைக்கு வரலாம்.