விருந்தினரா, பார்வையாளரா?



2022ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஒரு காலத்தில் நம் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில் ஒரு திருமணம் நாடெங்கும் பேசப்பட்டது. சிவலிங்கபுரம் என்னும் சிற்றூரில் மணம் முடித்தவர்கள், வரவேற்பை மெட்டாவெர்ஸ் என்னும் கணினி உலகில் வைத்தார்கள். பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் திருமணக் கூட்டத்தைச் சுருக்கிய நாட்கள் அவை. ஹாரி பாட்டர் கதையின் மாயப்பள்ளியைப் போல அரங்கு. விருந்தினர்க்குப் பொம்மை உருவங்கள். மறைந்துபோன மணமகளின் தந்தையும் அங்கே ஓர் உருவமாய் நிறுத்தப்பட்டார்.

அந்த மகளின் ஏக்கத்தை ஏளனம் செய்ய எனக்கு மனம் வராது. ஆயினும், இறந்தவரின் படத்தை மணமேடையருகே வைப்பது வேறு, அவரை விருந்தாளியாக நடமாடவிடுவது வேறு. படம், அவர் நம்மோடு இல்லை என்ற உண்மையைச் சொல்லுகிறது. பொம்மையோ இருக்கிறார் என்று பொய் சொல்லுகிறது. நாயீனூர் விதவையையும் பெத்தானியாவின் சகோதரிகளையும் நம் ஆண்டவர் சாயல் ஒன்றைக் காட்டித் தேற்றவில்லை. உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிற நாம் இந்த மாற்றுச் சரக்கை வாங்க வேண்டியதில்லை.

இப்பொழுது நம் வாலிபர்கள், தொலைவிலிருப்போர் திருமணத்திலும் ஞானஸ்நானத்திலும் அறுப்பின் பண்டிகையிலும் கலந்துகொள்ள ஒரு செயலி செய்ய விரும்புகிறார்கள். ஐயர் தடுப்பார் என்று சிலர் எண்ணியிருக்கலாம். தடுக்கவில்லை. காவலிலிருந்த பவுல் சபைகளுக்கு நிருபங்களின் மூலமாகத்தான் அருகிலானார். நான் எதிர்ப்பது, அவர்கள் காட்டிய மாதிரியில் யார் முன்வரிசையில் இருக்கிறார்கள் என்பதை.

லூக்கா 14ஆம் அதிகாரத்து விருந்தை நினைத்துப் பாருங்கள். ஒருவன் வயல் வாங்கினான், ஒருவன் ஐந்தேர் மாடு வாங்கினான், ஒருவன் பெண் கொண்டான். மூவரில் எவனும் நோயாளியல்லன். வர மனமில்லை, அவ்வளவே. வீட்டெஜமான் அவர்களுக்கு வசதி செய்து கொடுக்கவில்லை. தெருவிலிருந்த ஊனரையும் குருடரையும் அழைத்துவர ஆளனுப்பினான். இன்றைய செயலிகளோ மாடு வாங்கினவனுக்கே இணைப்பு அனுப்புகின்றன. ஆத்தூரிலிருந்து சேலத்துக்கு வர சோம்பற்படுகிறவர் வீட்டிலிருந்தே ஓர் இதயக் குறியைத் தட்டிவிட்டு, கலந்துகொண்டேன் என்கிறார்.

வரவே இயலாதவர் நம்மிடையே உண்டு. நாமக்கல்லில் எத்தனை வீடுகளில் தகப்பன் லாரியோடு வடநாட்டில் இருக்கிறார்! மகளின் நிச்சயதார்த்தத்தன்று நாக்பூர்ச் சாலையோரம் வண்டியை நிறுத்தி, கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நேரலை என்ன தருகிறது? பந்தலின் பின்தலைகளைத் தருகிறது. அவர் அழுதால் பந்தலில் எவருக்கும் தெரியாது. திரையின் மூலையில் உள்ள எண்ணிக்கையில் அவரும் ஒன்று. இவர் பார்வையாளர், விருந்தினர் அல்லர். விருந்தினரை வீட்டார் பார்க்கிறார்கள், பெயர் சொல்லி வாங்க என்கிறார்கள், சாப்பிட்டாரா என்று கேட்கிறார்கள்.

மாற்கு 2இல் திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்தார்கள். கூரையைப் பிரித்து இறக்கினார்கள். அந்த நால்வர் இல்லாத செயலியால் எனக்குப் பயனில்லை. படுக்கையிலிருக்கும் அமுச்சியின் முகம் தெரியும் கைபேசியை, மணமக்கள் அருகே ஒருவர் கையில் ஏந்தி நிற்கவேண்டும். ஆசீர்வாத நேரத்தில் ஓட்டுநரின் குரல் ஒலிபெருக்கியில் கேட்கவேண்டும். சிக்னல் அறுந்தால், திரும்ப அழைப்பதற்கு ஒரு மனிதன் பொறுப்பேற்கவேண்டும். பந்தி முடிந்தபின் உணவு எடுத்துக்கொண்டு அமுச்சியின் வீட்டுக்குப் போகிறவரும் வேண்டும். 2022 ஜனவரியில் மேற்கு வங்கத்து மணமக்கள் காணொலியில் விருந்தினரை அழைத்து, உணவை ஜொமேட்டோ வழியாக அனுப்பத் திட்டமிட்டார்கள். பசி தீரும் என்பதை மறுக்கவில்லை; ஆனாலும் நம் ஊரில் சைக்கிள் ஓட்டத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்களே!

மொய்ப் பொத்தானையும் பற்றி ஒரு வார்த்தை. மதுரையில் 2021இல் ஒரு குடும்பம் அழைப்பிதழிலேயே க்யூஆர் குறியை அச்சிட்டது. அது அவர்கள் விருப்பம். சபையின் செயலியிலோ முதல் திரையில் வரவேற்பும் இரண்டாம் திரையில் பணமும் நிற்பதை நான் ஒப்பவில்லை. கொரோனாவில் வேலையிழந்த தறிக்காரர் எத்தனை பேர், மொய்க்கு வழியில்லாமல் திருமணங்களுக்கே வராமல் நின்றார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

யோவான் தம் இரண்டாம் நிருபத்தின் முடிவில், காகிதமும் மையும் போதாது, முகமுகமாய்ப் பேச வருவேன் என்ற கருத்தில் எழுதுகிறார். நம் செயலியிலும் அப்படியொரு வரி தேவை: நீங்கள் ஊர் திரும்பும் நாள் எது? அந்த நாளில் மணமக்கள் உங்கள் வீட்டுக்கு வருவார்கள்.

வரமுடியாதவர்களின் பட்டியல் சபைக் கமிட்டியிடம் இருக்கிறது. வாலிபர்கள் முதலில் அதை வாங்கிக்கொண்டு, வீடு வீடாகப் போய்விட்டு, அதன்பின் கணினியின் முன் உட்காரட்டும்.