மிளகு பாக்கெட்டுக்கு 4.5 கிராம் கணக்கு... மல்டிடூலுக்கு மட்டும் ஏன் இல்லை?

கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும்போது முதுகில் இருக்கும் பை கனமாகவே தெரியாது. குளித்துவிட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைத் திரும்ப ஏறும்போதுதான், 'இதையெல்லாம் எதுக்கு எடுத்துட்டு வந்தோம்?' என்று யோசிக்கத் தோன்றும்.

சில மாதங்களுக்கு முன்பு அப்படி ஏறியபோது என் பையில் ஒரு மல்டிடூல் இருந்தது. மடக்குக் கத்தி, இடுக்கி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த கருவி. பெட்டியில் '180 கிராம்' என்று அச்சிட்டிருந்தார்கள். நாலைந்து மாடல்களை ஒப்பிட்டு, எடை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக வாங்கியது அது.

திரும்பும் வழியில் சோளக்காட்டில் மிளகு வாங்க நின்றோம். கடைக்காரரிடம் "அண்ணே, இதையும் ஒருதடவை தராசுல வச்சுப் பாக்கலாங்களா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வைத்தார். உறையோடு 230 கிராம். உறையை எடுத்தால் 195. "என்னங்க தம்பி, பெட்டியில போட்டதைவிட கூடுதலா குடுத்திருக்கான், சந்தோஷப்படுங்க" என்றார்.

மிளகாக இருந்தால் சந்தோஷப்பட்டிருக்கலாம். மலை ஏறுகிறவனுக்குக் கூடுதல் எடை லாபம் இல்லையே!

தராசு சரிதானா?

முதலில் கடைக்காரர் பக்கத்து நியாயத்தைப் பார்த்துவிடுவோம். 30 கிலோ வரை எடை போடும் கடைத் தராசுகளில் பெரும்பாலும் 5, 5 கிராமாகத்தான் எண் மாறும். மூட்டைக்கும் கிலோ கணக்குக்கும் அது போதும். சின்னக் கத்தியின் எடையைத் துல்லியமாகச் சொல்வது அதன் வேலை இல்லை.

அதனால் வீட்டுக்கு வந்து, 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசில் வைத்தேன். அதற்கு முன், தராசையே ஒரு சோதனை. ஒரு 10 ரூபாய் நாணயம் சுமார் 7.7 கிராம். பத்து நாணயங்களைச் சேர்த்து வைத்தால் 77 கிராம் காட்ட வேண்டும். காட்டியது. அதன்பிறகு மல்டிடூலை வைத்தால், உறை இல்லாமல் 193 கிராம். சொன்னதைவிட 13 கிராம், அதாவது 7 சதவீதம் அதிகம்.

ஏன் இந்த வித்தியாசம்?

எல்லாமே மோசடி என்று சொல்லிவிட முடியாது. காரணங்கள் பல.

ஒன்று, எதை எடை போட்டார்கள் என்பது. உறை, பெல்ட் கிளிப், மாற்று முனைகள், கத்தியின் பக்கவாட்டில் செருகியிருக்கும் பல்குச்சி, சின்ன இடுக்கி இவையெல்லாம் சேர்ந்ததா, சேராததா? பல பெட்டிகளில் இதற்குப் பதில் இருக்காது.

இரண்டு, எப்போது எடை போட்டார்கள் என்பது. கணினி வடிவமைப்பில் கணக்கிட்ட எடையோ, முதல் மாதிரியின் எடையோ அச்சாகியிருக்கலாம். பிறகு கைப்பிடியின் பொருளோ தகட்டின் தடிமனோ மாறியிருக்கும். பெட்டியில் உள்ள எண் மட்டும் அப்படியே நிற்கும்.

மூன்று, அவுன்ஸ் கணக்கு. லெதர்மேன் 'வேவ் பிளஸ்' மாடலின் எடை 8.5 அவுன்ஸ், 241 கிராம் என்று குறிப்பிடப்படுகிறது. ஒரு அவுன்ஸ் 28.35 கிராம். அவுன்ஸில் ஒரே ஒரு தசம இடம் மட்டும் சொன்னால், 239.6 கிராமும் 8.5 அவுன்ஸ்தான், 242.3 கிராமும் 8.5 அவுன்ஸ்தான். பெரிய கருவிக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் சாவிக்கொத்தில் தொங்கும் 21 கிராம் கத்தியை 0.7 அவுன்ஸ் என்று சுருக்கி, அதை மறுபடி கிராமுக்கு மாற்றினால் 19.8 கிராம் வரும். யாரும் பொய் சொல்லாமலே 1 கிராமுக்கு மேல் காணாமல் போய்விடும்.

நான்கு, விற்பனைத் தளங்கள். 'பொருளின் எடை' என்ற இடத்தில் சில விற்பனையாளர்கள் அட்டைப்பெட்டியோடு சேர்ந்த கூரியர் எடையைப் போட்டுவிடுகிறார்கள். அதனால் ஒரே கத்தி மூன்று பக்கங்களில் மூன்று எடையில் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

எனக்கு உறுத்தலாக இருப்பது இந்த இடம்தான்.

கொல்லிமலையில் விளைந்த மிளகை ஒரு சுய உதவிக் குழு 100 கிராம் பாக்கெட் போட்டு விற்கிறது என்று வையுங்கள். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் 2011-ன்படி, அதில் நிகர எடையை அச்சிட்டே ஆக வேண்டும். ஒரு பாக்கெட்டில் அனுமதிக்கப்படும் அதிகபட்சப் பிழை 4.5 கிராம். மலைக் காபித்தூளை 250 கிராம் பாக்கெட்டாகப் போட்டால் 9 கிராம். எடை போடும் மின்னணுத் தராசுக்கும் ஆண்டுதோறும் முத்திரை வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் இதையெல்லாம் தொழிலாளர் துறை அதிகாரிகள் சோதிக்கிறார்கள்.

மல்டிடூல் மிளகைவிடப் பல மடங்கு விலை. ஆனால் அது எண்ணிக்கையில் விற்கப்படும் பொருள். '1 எண்' என்று அச்சிட்டால் நிகர அளவைச் சொன்னதாகிவிடும். எடை என்பது நிறுவனம் விரும்பினால் தரும் கூடுதல் தகவல். எனவே மிளகுக்கான அந்தப் பிழை வரம்பு இதற்குப் பொருந்தாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 முதல் 200 கிராம் வரையிலான பாக்கெட்டுக்கு விதி அனுமதிக்கும் பிழை 4.5 சதவீதம். 180 கிராமுக்கு அது 8.1 கிராம். என் மல்டிடூல் 13 கிராம் தள்ளி நிற்கிறது. அந்த அளவைத் தாண்டிய வித்தியாசம் இது.

'13 கிராமுக்கு இவ்வளவு அலட்டலா?'

நண்பர்கள் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். 13 கிராம் யார் முதுகையும் ஒடிக்காது. ஆனால் டென்ட், அடுப்பு, டார்ச், பவர் பேங்க் எல்லாவற்றையும் அட்டையில் உள்ள எண்ணை நம்பித்தான் கூட்டுகிறோம். 10 கிலோ பையில் இதே 7 சதவீதம் என்றால் 700 கிராம். முக்கால் லிட்டர் தண்ணீருக்குக் கொஞ்சம்தான் குறைவு.

அதைவிடப் பெரிய விஷயம், நேர்மையான நிறுவனத்துக்கு நேரும் இழப்பு. ஒருவர் உள்ளபடி 193 என்று அச்சிடுகிறார். இன்னொருவர் அதே எடைக் கருவிக்கு 180 என்று போடுகிறார். போனில் 'எடை குறைவானது முதலில்' என்று வரிசைப்படுத்தும் நாம் யாரிடம் வாங்குவோம்? உண்மையைச் சொன்னவர் பட்டியலில் கீழே போய்விடுவார்.

மலையில் கொடுவாள் வாங்குபவர் பட்டறையில் கையில் தூக்கி, ஒருமுறை வீசிப் பார்த்துத்தான் காசு கொடுப்பார். அவருக்கு எண் தேவையில்லை. ஆன்லைனில் வாங்கும் நமக்கு அந்த வாய்ப்பு கிடையாது. அந்த எண் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

நிறுவனங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எதையெல்லாம் சேர்த்து எடை போட்டீர்கள் என்று ஒரு வரி. எத்தனை கிராம் கூடலாம், குறையலாம் என்று ஒரு எண். விற்பனைத் தளங்கள் பொருளின் எடையையும் பார்சல் எடையையும் தனித்தனியாகக் காட்டினால் போதும். எடையைச் சொல்வது கட்டாயமில்லை, சரி. ஆனால் எடையைச் சொல்லி விற்றால், அதற்கும் ஒரு பிழை வரம்பு வேண்டும் என்று விதியில் சேர்ப்பதுதான் முறை.

அதுவரை நாம் செய்யக்கூடியது இது. பொருள் வந்த அன்றே எடை போடுங்கள். தராசைப் பத்து நாணயங்களை வைத்துச் சரிபாருங்கள். உறை, கிளிப்பைக் கழற்றிவிட்டும் ஒருமுறை பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் போட்டோவோடு விற்பனையாளருக்கு எழுதுங்கள். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

4.5 கிராம் குறைந்துவிடக் கூடாது என்று கவனமாக நிறுத்துப் பாக்கெட் போடுகிறவர்கள் கொல்லிமலையில் இருக்கிறார்கள். அந்தக் கவனத்தில் பாதியையாவது பல ஆயிரம் ரூபாய் வாங்கும் பெரிய நிறுவனங்களிடம் எதிர்பார்ப்பது தப்பா என்ன?