இரண்டே வார்த்தைதானே?

அமெரிக்காவில் உங்கள் அண்ணன் பிள்ளையோ அக்கா பேத்தியோ இருந்தால், அடுத்த முறை போன் வரும்போது ஒன்று கேட்டுப் பாருங்கள். ஸ்கூலுக்குப் போனதும் முதல் வேலை என்ன? பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் ஒரே பதில்தான். எழுந்து நிற்க வேண்டும். வகுப்பறைக் கொடியைப் பார்த்து, வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஓர் உறுதிமொழி சொல்ல வேண்டும். கொடிக்கும், அந்தக் கொடி எதன் அடையாளமோ அந்தக் குடியரசுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று. ஆங்கிலத்தில் மொத்தம் 31 வார்த்தைகள்.

இதில் 29 வார்த்தைகளை விட்டுவிடலாம். மீதி இரண்டுதான் தகராறு. 'அண்டர் காட்'. அதாவது, 'கடவுளின் கீழ்'. எங்கள் தேசம் கடவுளின் கீழ் இருக்கும் ஒரே தேசம் என்று ஆறு வயதுக் குழந்தை தினமும் காலையில் அறிவிக்கிறது.

"அதனால் என்ன? நல்ல விஷயம்தானே? இரண்டே வார்த்தைக்கு இத்தனை ரகளையா?" என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவிலும் ரொம்பப் பேர் அப்படித்தான் கேட்கிறார்கள். நீங்கள் சாமி கும்பிடுகிறவர் என்றால் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். இது கடவுள் உண்டா, இல்லையா என்ற பட்டிமன்றம் இல்லை.

முதலில் இந்த உறுதிமொழியின் ஜாதகத்தைப் பார்த்துவிடலாம். எழுதியவர் ஃபிரான்சிஸ் பெல்லமி. எழுதிய வருஷம் 1892. கொலம்பஸ் அமெரிக்காவில் கால் வைத்த 400-வது ஆண்டை ஒட்டி, 'யூத்ஸ் கம்பேனியன்' என்ற பத்திரிகையில் வெளியானது. அந்தப் பத்திரிகை பள்ளிக்கூடங்களுக்குக் கொடி விற்கும் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தது என்பது தனிக் கதை. கவனிக்க வேண்டியது வேறு. பெல்லமி ஒரு பாப்டிஸ்ட் பாதிரியார். தினமும் பைபிள் புரட்டிய மனிதர். ஆனால், அவர் எழுதிய உறுதிமொழியில் கடவுள் இல்லை. பாதிரியாருக்கே தோன்றவில்லை!

அடுத்த 62 வருஷங்கள் அமெரிக்கக் குழந்தைகள் கடவுள் இல்லாத உறுதிமொழியைத்தான் சொன்னார்கள். நடுவில் 'என் கொடி' என்பது 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொடி' ஆனது. கையை நீட்டி வணங்கும் பழக்கம் ஹிட்லர் கும்பல் அடிக்கும் சல்யூட் மாதிரியே இருந்ததால், 1942-ல் அதை மாற்றி நெஞ்சில் வைக்கச் சொன்னார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்த ஹிட்லரோடு மோதிய தலைமுறை, கடவுள் பெயர் இல்லாத உறுதிமொழி சொல்லித்தான் வளர்ந்தது. அவர்களுக்கு தேசபக்தி குறைச்சல் என்று சொல்ல அமெரிக்காவில் யாருக்காவது தைரியம் உண்டா?

கடவுள் உள்ளே வந்தது 1954-ல். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. வாஷிங்டனில் ஒரு தேவாலயம். ஜனாதிபதி ஐசன்ஹோவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஜார்ஜ் டோகர்ட்டி என்ற போதகர் பிரசங்கத்தில் ஒரு போடு போட்டார். நம் உறுதிமொழியை மாஸ்கோ பிள்ளைகள்கூட அப்படியே தங்கள் அரிவாள் சுத்தியல் கொடியைப் பார்த்துச் சொல்லிவிடலாமே, நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்பது அவர் வாதம். கிறிஸ்தவ அமைப்புகள் சில ஏற்கெனவே இதற்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தன. அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. நான்கே மாதம். ஜூன் 14, கொடி நாளன்று ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்டார். இனி லட்சக்கணக்கான குழந்தைகள் நம் தேசம் கடவுளுக்கு அர்ப்பணிக்கப்பட்டது என்று தினமும் அறிவிப்பார்கள் என்று மகிழ்ச்சியும் தெரிவித்தார்.

அதாவது, ரஷ்யாக்காரனை வெறுப்பேற்றுவதற்காகக் கடவுளைக் கூப்பிட்டார்கள். சோவியத் யூனியன் 1991-ல் காலி. கூப்பிட்ட காரணம் போய்விட்டது. வார்த்தை மட்டும் போகவில்லை.

இன்னொரு வேடிக்கை. பெல்லமி எழுதியது 'பிரிக்க முடியாத ஒரே தேசம்' என்ற பொருளில். ஆங்கிலத்தில் 'ஒரே தேசம்' முதலில் வரும், 'பிரிக்க முடியாத' அடுத்து வரும். கடவுளைக் கொண்டுபோய் இந்த இரண்டுக்கும் நடுவில் செருகினார்கள். பிரிக்க முடியாததைப் பிரித்தார்கள்.

இத்தனைக்கும் அமெரிக்க அரசியல் சட்டத்தில் தேதி எழுதும் சம்பிரதாய வாசகம் தவிர கடவுள் பேச்சே கிடையாது. எந்தப் பதவிக்கும் மதத் தகுதி கேட்கக்கூடாது என்று அதன் ஆறாவது பிரிவு சொல்கிறது. மதத்தை நிறுவும் சட்டம் போடக்கூடாது என்று முதல் திருத்தம் சொல்கிறது.

இதைத்தான் மைக்கேல் நியூடவ் என்பவர் கோர்ட்டில் கேட்டார். தொழில் டாக்டர். சட்டமும் படித்தவர். நாத்திகர். மகள் கலிஃபோர்னியாவில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். கடவுள் இல்லை என்று நான் சொல்லி வளர்க்கும் என் பெண்ணிடம், உன் அப்பா சொல்வது தப்பு என்று அரசாங்கம் தினமும் சொல்வது என்ன நியாயம் என்பது அவர் கேள்வி. 2002 ஜூன் 26-ம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நாடே கொந்தளித்தது. அன்றைக்கே செனட் கூடி 99-0 என்று கண்டனத் தீர்மானம் போட்டது. எம்.பி.க்கள் நாடாளுமன்றப் படிக்கட்டில் நின்று, டி.வி. கேமராக்களுக்கு முன்னால், 'கடவுளின் கீழ்' என்பதை அழுத்திச் சொல்லி உறுதிமொழி எடுத்தார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டே வார்த்தைதான் என்றால் ஏன் சார் 99-0? சாதாரண விஷயம் என்றால் எடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? எடுக்கச் சொன்னவனிடம் 'அற்ப விஷயம்' என்பார்கள். எடுத்தால் 'தேசமே போச்சு' என்பார்கள். ஒரே வார்த்தை அற்பமாகவும் உயிராகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது.

2004-ல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நியூடவ் தானே வாதாடினார். 1954-ல் நாடாளுமன்றத்தில் எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்று தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் கேட்டார். யாரும் எதிர்த்ததாகத் தெரியவில்லை என்றார் நியூடவ். அப்படியானால் பிரிவினை உண்டாக்கும் விஷயம் மாதிரித் தெரியவில்லையே என்று மடக்கினார் ரென்குவிஸ்ட். நாத்திகன் யாரும் தேர்தலில் ஜெயிக்க முடியாது, அதனால்தான் என்று சட்டென்று பதில் வந்தது. பார்வையாளர்கள் கை தட்டிவிட்டார்கள். இன்னொரு தடவை தட்டினால் எல்லோரையும் வெளியேற்றுவேன் என்று எச்சரித்தார் தலைமை நீதிபதி.

கைதட்டல் கிடைத்தது, தீர்ப்பு கிடைக்கவில்லை. குழந்தை விஷயத்தில் முடிவெடுக்கும் உரிமை அம்மாவிடம் இருக்கிறது, எனவே அப்பாவுக்கு இந்த வழக்குப் போடும் தகுதி இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் கழற்றிக்கொண்டது. தீர்ப்பு வந்த தேதி? அதே ஜூன் 14. 2010-ல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், அதே இரண்டுக்கு ஒன்று கணக்கில், இன்னொரு வழக்கில் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. இரண்டு வார்த்தைகளும் இன்றுவரை பத்திரமாக இருக்கின்றன.

அந்த வார்த்தைகளைக் காப்பாற்ற நீதிபதிகள் சொல்லும் ஒரு வாதம் இருக்கிறது. ஆத்திகர்கள் அதை உன்னிப்பாகக் கேட்க வேண்டும். 'இது சடங்குக்காகச் சொல்லப்படும் வார்த்தை. சொல்லிச் சொல்லி மத அர்த்தம் தேய்ந்துபோய்விட்டது. எனவே பாதகமில்லை' என்பதுதான் அந்த வாதம். நீங்கள் உருகி உருகிக் கூப்பிடும் பெயருக்கு ஒரு நாட்டின் கோர்ட் கொடுக்கும் மரியாதை இது. அர்த்தம் இல்லாததால் அனுமதிக்கிறோம்! பக்தர்களே, கோபம் வர வேண்டியது நியூடவுக்கு இல்லை, உங்களுக்கு.

"பிடிக்காத பிள்ளை சும்மா நிற்கலாமே, யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லையே?" இது அடுத்த வாதம். சட்டப்படி உண்மை. அந்தச் சட்டம் எப்படி வந்தது தெரியுமா? பென்சில்வேனியாவில் 12 வயதுப் பெண்ணும் அவள் 10 வயதுத் தம்பியும் கொடிவணக்கம் செய்ய மறுத்தார்கள். நாத்திகர்கள் அல்ல. கடவுளைத் தவிர எதையும் வணங்க மாட்டோம் என்ற யெகோவாவின் சாட்சிகள். பள்ளி வெளியே அனுப்பியது. 1940-ல் உச்ச நீதிமன்றம் 8-1 என்று பள்ளி பக்கம் நின்றது. உடனே பல ஊர்களில் அந்த மதத்தினரை அடித்தார்கள். மெய்ன் மாநிலத்தில் அவர்களுடைய வழிபாட்டுக் கூடத்தைக் கும்பல் கொளுத்தியது. மூன்றே வருஷத்தில் கோர்ட் தன் தப்பைத் திருத்திக்கொண்டது. 1943-ல், எந்தக் குழந்தையையும் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 6-3 தீர்ப்பு வந்தது.

ஆனால், கோர்ட்டுக்கும் வகுப்பறைக்கும் தூரம் ஜாஸ்தி. முப்பது பிள்ளைகள் எழுந்து நின்று ஒரே குரலில் சொல்லும்போது, ஒரே ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு என்ன தைரியம் வேண்டும்! பக்கத்து பெஞ்சு பார்க்கும். டீச்சர் பார்ப்பார். மத்தியானம் டிபன் சாப்பிட உடன் யாரும் உட்கார மாட்டார்கள். போதாக்குறைக்கு டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில், சொல்லாமல் இருக்க வேண்டுமென்றால் வீட்டிலிருந்து எழுதி வாங்கி வர வேண்டும். மௌனமாக இருப்பதற்கு லீவ் லெட்டர்!

பெரியவர்களுக்கு என்ன சட்டம் என்று பாருங்கள். அமெரிக்க ஜனாதிபதி பதவியேற்கும் வாசகத்தை அரசியல் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. அதில் கடவுள் பெயர் கிடையாது. ஜனாதிபதிகள் கடைசியில் கடவுளை அழைப்பது அவர்களாகச் சேர்த்துக்கொள்வது. 'ஆணையிடுகிறேன்' என்று சொல்ல விருப்பமில்லையா, 'உறுதி கூறுகிறேன்' என்று சொல்லலாம். 1853-ல் ஃபிராங்க்ளின் பியர்ஸ் அப்படித்தான் சொல்லிப் பதவி ஏற்றார். வானம் இடிந்து விழவில்லை.

அணு ஆயுதப் பொத்தானைக் கையில் வைத்திருக்கப்போகிற ஆளுக்கு இரண்டு வழி. பென்சிலைக் கையில் பிடித்திருக்கிற ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரே வழி. இதுதான் என் ஆட்சேபம். இதற்கு மேல் எதுவும் இல்லை.

நமக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மந்திரிகள் பதவியேற்பதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். சிலர் ஆண்டவன் பெயரால் ஆணையிடுவார்கள். சிலர் 'உளமார உறுதி கூறுகிறேன்' என்பார்கள். இரண்டுமே நம் அரசியல் சட்டத்தில் இருப்பவைதான். அந்தச் சட்டத்தின் முகப்புரையைக் கடவுள் பெயரால் தொடங்கலாம் என்று 1949 அக்டோபர் 17 அன்று எச்.வி.காமத் திருத்தம் கொண்டுவந்தார். பட்டம் தாணுப்பிள்ளை எழுந்து, இது நம்பிக்கை விஷயத்தில் கட்டாயம் ஆகிவிடும் என்று எதிர்த்தார். ஓட்டெடுப்பில் 41 பேர் ஆதரவு, 68 பேர் எதிர்ப்பு. எதிர்த்த 68 பேரும் நாத்திகர்களா என்ன? வீட்டில் பூஜை முடித்துவிட்டு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். பூஜை அறையில் இருக்கும் கடவுளை கெஜட்டில் ஏற்ற வேண்டாம் என்று நினைத்தார்கள்.

அமெரிக்காவின் 1943 தீர்ப்பு கடல் தாண்டி இங்கேயும் வந்தது. கேரளாவில் 1985-ல் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அவர்களும் யெகோவாவின் சாட்சிகள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவுதான் குற்றம். 1986-ல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த அமெரிக்க வழக்குகளையெல்லாம் அலசி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். எழுந்து நின்றதே மரியாதை என்றார்.

நாம் படித்த காலத்தில் பாடப்புத்தகத்தில் ஓர் உறுதிமொழி இருந்ததே, இந்தியர் அனைவரும் உடன்பிறந்தவர்கள் என்று, ஞாபகம் இருக்கிறதா? பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் 1962-ல் தெலுங்கில் எழுதியது. அதிலும் கடவுள் இல்லை. அதைச் சொல்லி வளர்ந்த நமக்கு பக்தி குறைந்துவிட்டதா? கோயிலில் கூட்டம் குறைந்துவிட்டதா?

நாளைக்கே யாராவது வந்து, 'அதில் ஒரு சாமி பெயரைச் சேர்க்கலாம், இரண்டே வார்த்தைதான்' என்று சொல்லக்கூடும். அப்போது மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் சாமி? யாரை வெறுப்பேற்ற? சொல்ல விருப்பமில்லாத பிள்ளை எங்கே போய் நிற்கும்? முதல் கேள்விக்குச் சண்டை வரும். இரண்டாவதற்கு மழுப்புவார்கள். மூன்றாவதற்கு அமெரிக்காவில் 1954-ல் இருந்து யாரும் பதில் சொல்லவில்லை.