பெயர் மீண்டது, மொழி மீண்டதா?

தென் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரை அடுத்த மலைப்பகுதியில் அமைந்துள்ள சிற்றூர் ஹான்டார்ஃப். அங்குள்ள பழைய வீடுகளையும் ஜெர்மன் பெயர்ப்பலகைகளையும் காணும் சுற்றுலாப் பயணிகள், "ஜெர்மானியப் பண்பாடு இங்கே அழியாமல் வாழ்கிறது" என்று வியப்பர். இக்கூற்று மறுக்கத்தக்கது.

பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்ஹெல்ம் புகுத்திய பொது வழிபாட்டு முறையை ஏற்க மறுத்த லூத்தரன் சமயத்தார், தாயகத்தைத் துறந்து 1838இன் இறுதியில் 'ஸீப்ரா' என்னும் கப்பலில் வந்திறங்கினர். 1839இல் ஊர் அமைத்து, தமக்கு உதவிய கப்பல் தலைவர் ஹானின் பெயரையே அதற்குச் சூட்டினர். வழிபாட்டுச் சொற்களுக்காகக் கடல் கடந்த மக்கள் அவர்கள். ஆதலின் தேவாலயத்தோடு பள்ளியையும் எழுப்பினர்.

முதல் உலகப் போரின்போது பகைமை மூண்டது. 1917இல் தென் ஆஸ்திரேலிய அரசு 49 லூத்தரன் பள்ளிகளை மூடியது. அவ்வாண்டுச் சட்டத்தால் 69 இடப்பெயர்கள் மாற்றப்பட்டன. ஹான்டார்ஃப் 'ஆம்பிள்சைடு' ஆயிற்று. 1935இல் பழைய பெயர் திரும்பியது. லூத்தரன் பள்ளிகளும் பின்னாளில் மீண்டும் தோன்றின. ஆனால் அவற்றின் பாடமொழி ஆங்கிலம். இன்று அவ்வூர் மக்களின் அன்றாடப் பேச்சும் ஆங்கிலமே.

"குடியேறியோர் மொழி எவ்வாறாயினும் மறைந்தே தீரும்; பள்ளியை மூடியதைக் குறை கூறுவானேன்?" என்று வாதிடுவோர் உளர். ஆங்கிலத்தின் செல்வாக்கு பெரிது என்பது உண்மையே. ஆயினும் 1839 முதல் 1917 வரை, 78 ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக அம்மொழி அங்கே நிலைத்து நின்றதே! ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டே அம்மக்கள் தம் மொழியையும் காத்தனர். மறைவது விதியென்றால், அவ்விதி முக்கால் நூற்றாண்டுக்கு மேல் எங்கே உறங்கிக் கிடந்தது?

"மொழி போனால் என்ன? உணவும் விழாவும் இருக்கின்றனவே" என்பார் வேறு சிலர். இறைச்சிக் குழலும் பியரும் விலைக்குக் கிடைப்பவை, எவரும் வாங்கலாம். மூதாதையர் எதற்காக நாடு துறந்தனரோ, அந்த வழிபாட்டு நூலைப் பெயரன் படிக்க இயலாதபோது, எஞ்சியதைப் பண்பாடு என்பதா, வாணிகம் என்பதா?

ஊர்ப்பெயரை ஓர் அரசாணை மீட்டுத் தரலாம். வகுப்பறையில் அறுந்த மொழியை எந்த ஆணையும் மீட்டுத் தந்ததில்லை. ஒரு மொழி வாழ்கிறதா என்று அறிய விரும்புவோர் கடைத்தெருவின் பலகைகளை எண்ண வேண்டா. அம்மொழியில் பாடம் படிக்கும் பிள்ளைகளை எண்ணட்டும்.