கோடு போடும் கை யாருடையது?

அமெரிக்காவில் 2026 நவம்பர் 3-ஆம் தேதி இடைக்காலத் தேர்தல். இது அதிபர் பதவிக்கான தேர்தல் அல்ல. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட் சபையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கும் நடக்கும் தேர்தல். இடைக்காலத் தேர்தலில் அதிபரின் கட்சி பிரதிநிதிகள் சபையில் இடங்களை இழப்பது அங்கே வழக்கம். 2010-ல் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சி 63 இடங்களை இழந்தது. 2018-ல் டிரம்பின் குடியரசுக் கட்சி சுமார் 40 இடங்களை இழந்தது. கடந்த நூறாண்டில் 1934, 1998, 2002 ஆகிய மூன்று தேர்தல்கள்தான் விதிவிலக்கு.

2024 தேர்தலில் குடியரசுக் கட்சி வென்றது 220 இடங்கள், ஜனநாயகக் கட்சி வென்றது 215. மூன்று இடங்கள் கைமாறினாலே பெரும்பான்மை மாறிவிடும். ஆனால் 435 தொகுதிகளிலும் போட்டி நடப்பதில்லை. பெரும்பாலானவை ஏதாவது ஒரு கட்சிக்கு உறுதியானவை. சில பத்துத் தொகுதிகளில்தான் உண்மையான போட்டி. எது உறுதி, எது சாய்வு, எது இழுபறி என்று தேர்தல் ஆய்வாளர்கள் தரம் பிரித்துப் பட்டியல் வெளியிடுகிறார்கள். அதிபரின் செல்வாக்கு சரிந்தால் பட்டியல் மாறும். நெடுநாள் உறுப்பினர் ஓய்வு பெற்றாலும் மாறும். இவையெல்லாம் மக்கள் மனதோடு தொடர்புடைய மாற்றங்கள்.

இந்த முறை பட்டியலை மாற்றிக்கொண்டிருப்பது மக்கள் மனம் மட்டுமல்ல, வரைபடமும்தான்.

பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் தொகுதி எல்லைகளைத் திருத்துவது அங்குள்ள நடைமுறை. பெரும்பாலான மாநிலங்களில் அந்த அதிகாரம் ஆளும் கட்சியின் கையில் இருக்கும் சட்டமன்றத்திடமே உள்ளது. 2025-ல் டிரம்ப் கேட்டுக்கொண்டபடி, டெக்சாஸ் சட்டமன்றம் இடையிலேயே எல்லைகளை மாற்றியது. கூடுதலாக ஐந்து இடங்களைப் பிடிப்பதே நோக்கம். இனத்தை வைத்து வரையப்பட்டது என்று கீழ் நீதிமன்றம் நவம்பரில் அந்த வரைபடத்துக்குத் தடை விதித்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. பதிலுக்குக் கலிபோர்னியாவில் ஜனநாயகக் கட்சியும் மக்கள் வாக்கெடுப்பு நடத்தித் தனக்குச் சாதகமான வரைபடத்தைக் கொண்டுவந்துவிட்டது.

இரு கட்சிகளின் சண்டையில் அடிபடுவது யார்? மிசூரியில் கறுப்பின உறுப்பினர் இமானுவேல் கிளீவரின் கன்சாஸ் சிட்டித் தொகுதி துண்டாடப்பட்டது. வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் 1992 முதல் கறுப்பினத்தவரையே தேர்ந்தெடுத்துவரும் முதலாம் தொகுதி, கடும் போட்டித் தொகுதியாக இருந்தது. அதன் எல்லையும் 2025 அக்டோபரில் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக மாற்றப்பட்டது. வாக்காளர் ஒருவர்கூட மனம் மாறவில்லை. ஆனாலும் தொகுதி கைமாறும் நிலைக்கு வந்துவிட்டது.

இதில் இரண்டு சூழ்ச்சிகள் உண்டு. ஒரே இடத்தில் வாழும் மக்களைப் பல தொகுதிகளுக்குச் சிதறடித்து எங்கும் சிறுபான்மையாக்குவது ஒன்று. எல்லோரையும் ஒரே தொகுதிக்குள் அடைத்து மற்ற தொகுதிகளில் அவர்கள் குரலே இல்லாமல் செய்வது இன்னொன்று.

அலபாமாவைப் பாருங்கள். அங்கே கால்வாசிக்கும் மேற்பட்டோர் கறுப்பின மக்கள். ஆனால் ஏழு தொகுதிகளில் ஒன்றில் மட்டுமே அவர்கள் பெரும்பான்மை. 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்து வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்றது. அப்போதும் மாநிலச் சட்டமன்றம் ஒழுங்காக வரைய மறுத்தது. கடைசியில் நீதிமன்றமே ஆளை நியமித்து வரைய வைத்தது. பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டம் நடந்த மாண்ட்கோமரி நகரை உள்ளடக்கிய இரண்டாம் தொகுதி குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்தது. 2024-ல் அங்கே கறுப்பினத்தவரான ஷொமாரி ஃபிகர்ஸ் வென்றார். ஒரே நேரத்தில் இரண்டு கறுப்பின உறுப்பினர்களை அலபாமா அனுப்பியது அதுவே முதல்முறை.

அந்தச் சட்டத்தின் இதே பிரிவுதான் லூசியானா வழக்கில் கேள்விக்குள்ளானது. 2025 அக்டோபர் 15-ல் மறுவிசாரணை நடந்தது. அந்தப் பிரிவு பலவீனமாவது, தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் வென்றெடுத்த தொகுதிகள் பலவற்றுக்கும் ஆபத்து.

இது நமக்கு ஏன்? ஐ.நா.வுக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டு 1946-ல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார் அண்ணல் அம்பேத்கர். அவர்கள் போராட்டத்தில் நமக்குப் பாடம் உண்டென்று அவர் அறிந்திருந்தார். தமிழகச் சட்டமன்றத்தில் பட்டியல் சாதியினருக்கு 44 தனித்தொகுதிகள் இருக்கின்றன. எண்ணிக்கையைச் சட்டம் உறுதி செய்கிறது. ஆனால் எந்த ஊர் எந்தத் தொகுதியில் சேரும், எந்தத் தொகுதி தனித்தொகுதியாகும் என்பதை எல்லைக்கோடுதான் தீர்மானிக்கிறது. ஆணையத்தின் இறுதி ஆணை வந்துவிட்டால் நீதிமன்றத்தில் அதை எதிர்ப்பது மிகக் கடினம். பேச வேண்டிய நேரம் வரைவு வெளியாகும் நேரமே. ஊராட்சி வார்டுக்கும் இது பொருந்தும். ஒரு சேரியை இரண்டு வார்டாகப் பிரித்தால் இரண்டிலும் நம் வாக்கு கரைந்துபோகும்.

ஆகவே மாணவர்களே, தொகுதி மறுவரையறை என்ற சொல் செய்தித்தாளில் வரும்போது பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் தெருவின் வாக்காளர் பட்டியலையும் வார்டு வரைபடத்தையும் எடுத்து வைத்துப் பாருங்கள். வரைவு வந்தவுடன் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து ஆட்சேபணை மனு எழுதிக் கொடுங்கள். அலபாமா மக்கள் வாக்குச்சாவடிக்குப் போவதற்கு முன்பே வரைபடத்துக்காகப் போராடினார்கள். அதனால்தான் அவர்கள் போட்ட வாக்குக்கு மதிப்பு வந்தது.