பூச்சியைக் குத்தாமல் படிக்கலாம்

இளம் அறிவியல் (விலங்கியல்), மூன்றாம் ஆண்டு

உயிர்களைப் பற்றிப் படிப்பது நம் பாடம். ஆனால் உயிர் போன பிறகே பூச்சியை நாம் உற்றுப் பார்க்கிறோம். வலையில் பிடித்து, புட்டியில் அடைத்து, ஊசியில் குத்திப் பெட்டியில் அடுக்கினால்தான் செய்முறைத் தேர்வில் மதிப்பெண். விலங்கியல் ஆய்வகங்களில் உயிர்களை அறுப்பதைப் படிப்படியாகக் கைவிடும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2011-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியது. தவளைக்குக் கிடைத்த விடுதலை தட்டானுக்கும் கிடைக்க வேண்டும். பூச்சிப் பெட்டிக்கு ஈடாகப் புகைப்படத் தொகுப்பையும் ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து.

“அது பணக்காரர் கலையாயிற்றே!” என்று நண்பர்கள் கேட்கக்கூடும். துறைக்கு ஒரு கேமராவும் ஒரு மேக்ரோ லென்ஸும் இருந்தால், மேலும் மேலும் லென்ஸ் வாங்க வேண்டியதில்லை. எக்ஸ்டென்ஷன் டியூப், டெலிகன்வெர்ட்டர் என்னும் இரண்டு துணைக்கருவிகள் போதும்.

பொதுவாக மேக்ரோ லென்ஸ் பொருளை அதன் உண்மை அளவிலேயே கேமராவினுள் பதிக்கும். நெற்பயிரைத் தாக்கும் புகையானின் நீளம் நான்கைந்து மில்லிமீட்டர்தான். 36 மி.மீ. அகலமுள்ள சட்டத்தில் அது எட்டில் ஒரு பங்கு இடத்தையே பிடிக்கும். அதன் கண்ணையும் காலையும் காண இது போதாது.

இங்கேதான் எக்ஸ்டென்ஷன் டியூப் உதவுகிறது. அது கண்ணாடி இல்லாத வெறும் குழாய். லென்ஸைக் கேமராவிலிருந்து சற்றுத் தள்ளி வைப்பதே அதன் வேலை. குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால், கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம் தெரிந்துவிடும். 1960-களில் வந்த நிக்கான் 55 மி.மீ. மைக்ரோ லென்ஸ் தனியே பாதி அளவே காட்டியது, 27.5 மி.மீ. குழாயைச் சேர்த்ததும் முழு அளவு காட்டியது. 100 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. குழாய் சேர்த்தால் கால் பங்கு கூடி, ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகும். ஒரு குறை உண்டு: பூச்சியை இன்னும் நெருங்க வேண்டும்.

டெலிகன்வெர்ட்டர் அப்படியன்று. அதனுள் கண்ணாடி உண்டு. இரு மடங்குக் கன்வெர்ட்டர், நிற்கும் தூரத்தை மாற்றாமலே உருவத்தை இரட்டிப்பாக்கும். அல்லது அதே உருவத்தை எட்ட நின்றே எடுக்கவிடும். ஆனால் ஒளியில் கால் பங்குதான் மிஞ்சும். லென்ஸின் குறைகளும் சேர்ந்தே பெருகும்.

ஆகவே முட்டை, கூட்டுப்புழு, பூவின் உறுப்பு போன்று ஓடாதவற்றுக்குக் குழாய். தட்டான், வண்ணத்துப்பூச்சி போன்று பறந்துவிடுபவற்றுக்குக் கன்வெர்ட்டர். இரண்டையும் சேர்க்க வேண்டுமானால், லென்ஸுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவே குழாயை வைப்பது நல்லது. ஒன்றேகால் மடங்கு இரண்டரை மடங்காகிவிடும். முன்கண்ணாடி துருத்தி நிற்பதால் மேக்ரோ லென்ஸில் நேரடியாகப் பொருந்தாத கன்வெர்ட்டர்களும் இவ்வகையில் பொருந்தும். குழாய் வாங்கும்போது மின்தொடர்பு உள்ளதாகப் பார்க்க வேண்டும். வெறும் குழாய் மலிவுதான். ஆனால் இக்கால லென்ஸ்கள் பலவற்றில் அப்பர்ச்சரைச் சுருக்க முடியாமல் போகும்.

இது எளிய வேலை என்று சொல்லமாட்டேன். உண்மை அளவில், எஃப் 8-இல், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். இரு மடங்கில் அதில் மூன்றில் ஒரு பங்கு. அப்பர்ச்சரை மிகவும் சுருக்கினாலோ, ஒளி விளிம்பில் வளைந்து படமே மங்கும். எனவே முக்காலி வேண்டும். வெள்ளைத்தாளால் மென்மையாக்கிய ஃபிளாஷ் வேண்டும். பனித்துளி உலராமல் பூச்சிகள் சோம்பியிருக்கும் விடியற்காலையில் எழும் பழக்கமும் வேண்டும். கொல்பவனுக்கு ஒரு நிமிடம் போதும். படமெடுப்பவனோ அந்தப் பூச்சி எந்த இலையில் அமரும், எப்போது உண்ணும் என்று அறிந்தாக வேண்டும். அந்த அறிவு அல்லவா விலங்கியல்!

சில இனங்களைப் படத்தை மட்டும் கொண்டு பிரித்தறிய முடியாது என்று ஆசிரியர்கள் கூறுவது முற்றிலும் உண்மை. ஆராய்ச்சிக்கு மாதிரி தேவைப்படலாம். ஆனால் பட்ட வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஒரு பெட்டி நிரப்புவது ஆராய்ச்சி ஆகாது.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), தம் கையால் பாகங்களைப் பொருத்தி அமைத்த கேமராவைக் கொண்டே காட்டுயிர்களைப் படமெடுத்தவர். கருவி குறைவு என்பது தடையன்று என்பதற்கு அவரினும் சான்று வேண்டுமோ?

நுண்ணோக்கியைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுப் பெறுகிறோம். அதுபோலவே ஒரு குழாய்த் தொகுதியும் ஒரு கன்வெர்ட்டரும் ஆய்வகத்தில் இருக்கட்டும். பத்துப் பூச்சிகளின் படமும், நாள், இடம், உணவுச்செடி பற்றிய குறிப்பும் தருபவருக்கு முழு மதிப்பெண் வழங்கத் துறைப் பேராசிரியர்கள் முன்வர வேண்டும். படம் எடுத்து முடித்த பிறகு அந்தப் பூச்சி பறந்து போகும். அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கையரும் அதன் சந்ததியைக் காண்பார்கள்.